டெபாசிட் யார் வீட்டுக்குப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புது வீட்டு ரினோவேஷனுக்குக் கட்டும் முன்பணத்தில்தான் நம் வீட்டுக்கு டைல்ஸும் பிளைவுட்டும் வாங்குகிறார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் சுங்கை காடுட்டில் ஒரு சிறிய ரினோவேஷன் கம்பெனியில் பல வருஷம் கணக்கு எழுதியவள் நான். நான் பார்த்த வரையில் அந்தப் பணம் அப்படிப் போவது அபூர்வம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் எங்கள் ஆபீசில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். டைல்ஸ் போடுகிறவருக்கு அன்று கூலி கொடுக்க வேண்டும். ஒயரிங்காரர் இரண்டு முறை போன் செய்திருப்பார். பிளைவுட் கடைக்காரர் பழைய பாக்கி வந்தால்தான் புதுப் பலகையை லாரியில் ஏற்றுவேன் என்று சொல்லியிருப்பார். முதலாளி என் மேசைக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னைக்கு எந்த வீடு சைன் ஆகுது?" என்று கேட்பார். பொங்கோலில் ஒரு வீடு கையெழுத்தாகிறது என்றால் அவர் முகம் தெளிந்துவிடும். பொங்கோல் வீட்டு முன்பணம் அடுத்த வாரம் ஜூரோங் வெஸ்ட் வீட்டு அலமாரியாக மாறும். பொங்கோல் வீட்டுக்கு அலமாரி செய்யும் நேரத்தில் ஈசூனில் வேறு யாராவது கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதை வாரா வாரம் கணக்குப் புத்தகத்தில் எழுதியவள் நான்.

எங்கள் முதலாளி மோசடிக்காரர் இல்லை. நான் இருந்த காலத்தில் எடுத்த வீடு எல்லாவற்றையும் முடித்துத்தான் கொடுத்தார். புதுக் கையெழுத்து வந்துகொண்டே இருந்ததால் வண்டி ஓடியது, அவ்வளவுதான். அது நின்றால் என்ன ஆகும் என்பதை 2020இல் இந்தத் தொழிலில் இருந்த எல்லாரும் பார்த்தோம். ஏப்ரல் 7ஆம் தேதி கொரோனாவுக்காகச் சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கம் வந்ததும் வேலைகள் அப்படியே நின்றன. மலேசியாவிலிருந்து வர வேண்டிய சாமான் தாமதமானது. ஆனால் வாடகையும் வேலையாட்களின் செலவும் நிற்கவில்லை. கையில் சேமிப்பு இருந்த கம்பெனி சமாளித்தது. அடுத்த வீட்டு டெபாசிட்டை நம்பி ஓடிய கம்பெனிக்கு மூச்சு முட்டியது.

இதை இப்போது எழுதக் காரணம் என் தங்கை மகள். தெங்காவில் நாலறை வீடு, பிடிஓ, அதாவது விண்ணப்பம் வாங்கிய பிறகு அரசாங்கம் கட்டித் தரும் புது வீடு. 42,000 வெள்ளிக்கு (டாலர்) கோட்டேஷன். வேலையை எடுத்தவர் நம்மவர், நன்றாகப் பேசுவார், "அக்கா, அக்கா" என்று வார்த்தைக்கு வார்த்தை சொல்வார். நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. நம்ம ஆள் என்று தெரிந்துவிட்டால் காகிதம் கேட்கக் கூச்சம் வந்துவிடும். ரசீது கேட்டால் மனசு புண்படுமோ, தவணையைப் பற்றிப் பேசினால் சந்தேகப்படுவதாக நினைப்பாரோ என்று தாட்சண்யம். பல் டாக்டரிடம்கூட இவ்வளவு தாட்சண்யம் பார்ப்பதில்லை நாம்.

ஒப்பந்தத்தில் தவணை இப்படி இருந்தது: கையெழுத்தின்போது 10 விழுக்காடு, வேலை தொடங்கும்போது 40, கார்பென்ட்ரிக்கு அளவெடுக்கும்போது 45, சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது 5. இது அவர் ஒருவர் மட்டும் போடும் கணக்கு இல்லை, இந்த ஊரில் நிறைய கம்பெனிகளின் காகிதத்தில் இதேதான் இருக்கும். கடைசியில் 5 விழுக்காடு நம் கையில் இருக்கிறதே என்று பார்க்கிறவர்களுக்கு ஆறுதலாகத் தெரியும். அதற்கு முந்தின வரியைத்தான் பார்க்க வேண்டும். அளவெடுப்பது என்றால் ஒருவர் டேப்புடன் வந்து சமையலறைச் சுவரை அளந்து, லேமினேட் மாதிரிப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டி, நிறத்தைக் குறித்துக்கொண்டு போவது. அரை நாள் வேலை. அந்த அரை நாள் முடிந்தபோது மூன்று தவணையும் சேர்ந்து 39,900 வெள்ளி கம்பெனியிடம் போய்விட்டது. வீட்டில் அப்போது இருந்தது என்ன? டைல்ஸ், ஸ்க்ரீட் என்கிற தரை சிமென்ட் பூச்சு, ஒயரிங், கொஞ்சம் ஃபால்ஸ் சீலிங். நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாராளமாகப் போட்டாலும் 17,500 வெள்ளிக்கு மேல் வரவில்லை. மீதி 22,400 வெள்ளி வெறும் நம்பிக்கையில் நின்றது.

அலமாரி வரவே இல்லை. முதலில் ஒர்க்‌ஷாப்பில் மெஷின் ரிப்பேர் என்றார்கள், அப்புறம் லேமினேட் ஸ்டாக் இல்லை என்றார்கள், அப்புறம் போன் அணைந்துவிட்டது. இவர்கள் வங்கியில் ரினோவேஷன் கடன் வாங்கியிருந்தார்கள். சிபிஎஃப் என்கிற மத்திய சேம நிதிப் பணத்தை ரினோவேஷனுக்கு எடுக்க முடியாது என்பதால் இளம் தம்பதிகள் பலருக்கும் கடன்தான் வழி. 30,000 வெள்ளி அல்லது ஆறு மாதச் சம்பளம், எது குறைவோ அதுதான் வழக்கமான வரம்பு. அந்தக் கடனுக்கு மாதத் தவணை மட்டும் ஒரு நாள் தவறாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லாத அலமாரிக்கு வட்டி கட்டுகிறாள் பிள்ளை.

பயனீட்டாளர் சங்கத்துக்குப் போனார்கள். அவர்கள் கடிதம் எழுதலாம், பேசிப் பார்க்கலாம். வராத ஆளைப் பிடித்து உட்காரவைக்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. பிறகு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம், எல்லாரும் சொல்வது ஸ்மால் கிளைம்ஸ். அது நல்ல ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, செலவு குறைவு, சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போனால் போதும். ஆனால் வரம்பு 20,000 வெள்ளி. இரண்டு தரப்பும் எழுதிச் சம்மதித்தால்தான் 30,000 வரை. போனையே எடுக்காதவர் இதற்கா வந்து சம்மதக் கையெழுத்துப் போடப்போகிறார்? 2,400 வெள்ளியைக் கைகழுவிவிட்டு 20,000க்குக் கேட்டார்கள். உத்தரவு சாதகமாகத்தான் வந்தது. அதை வைத்து வசூலிக்கப் போனால் கம்பெனிக் கணக்கில் ஒன்றும் இல்லை. பிரைவேட் லிமிடெட் என்றால் பொதுவாகக் கம்பெனியின் கடன் கம்பெனியோடு நின்றுவிடும், முதலாளியின் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. இழுத்து மூடும் நிலைக்குப் போய்விட்டாலோ, அடமானம் வைத்திருக்கும் வங்கி, மூடுவதற்கான செலவு, ஊழியர் சம்பளம் எல்லாம் முன்னால் நிற்கும். முன்பணம் கட்டிய குடும்பம் வரிசையின் கடைசியில்.

"வீவக லிஸ்ட்ல இருந்தாரே பெரியம்மா" என்று அவள் அழுததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய வீட்டில் வேலை செய்ய அதன் பட்டியலில் உள்ள குத்தகையாளரைத்தான் அமர்த்த வேண்டும் என்பது விதி. அதைப் பார்த்துவிட்டு, அரசாங்கமே இவரைச் சோதித்துத் தேர்ந்தெடுத்து அனுப்பியதாக மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியல் எந்தச் சுவரை இடிக்கலாம், எதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது போன்ற விதிகளுக்காக இருப்பது. பணம், தவணை, தாமதம் எல்லாம் வீட்டுக்காரருக்கும் குத்தகையாளருக்கும் இடையில் உள்ள தனிப்பட்ட ஒப்பந்தம். பட்டியலில் உள்ளவரிடம் பணம் பத்திரமாக இருக்கும் என்று வீவக எங்கும் சொல்லவில்லை. நாமாகவே அப்படிப் படித்துக்கொள்கிறோம்.

என்னைக் கேட்டால் தவணையை வேலையோடு கட்டிப்போட வேண்டும். அதே 42,000 வெள்ளியை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: கையெழுத்துக்கு 10 விழுக்காடு. ஆட்கள் வந்து வேலை தொடங்கிய பிறகு 15. டைல்ஸ் முடிந்து, குளியலறைத் தரையில் ஒரு நாள் தண்ணீர் தேக்கிவைத்துக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகு 20. கார்பென்ட்ரிக்கு அளவெடுத்து ஒர்க்‌ஷாப்பில் ஆர்டர் போடும்போது 20. அலமாரி வீட்டுக்கு வந்து, சுவரில் ஏறி, கதவு திறந்து மூடிய பிறகு 25. சின்னச் சின்னக் குறைகளைச் சரிசெய்த பிறகு 10. இப்படி இருந்திருந்தால் அளவெடுத்த நாளில் கம்பெனியிடம் 27,300 வெள்ளி இருந்திருக்கும். நஷ்டம் 22,400க்குப் பதிலாக 9,800. அதுவும் வலிக்கிற தொகைதான். ஆனால் தலை தப்பியிருக்கும்.

குத்தகையாளர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பக்கத்தில்தான் நான் சம்பளம் வாங்கினேன். பலகை, லேமினேட், கீல் எல்லாம் ரொக்கம் கொடுத்து வாங்க வேண்டியவை. உங்கள் அளவுக்கு வெட்டிய பலகையை வேறு யார் வீட்டிலும் மாட்ட முடியாது. அதனால் ஆர்டர் போடும்போது ஒரு பங்கு கேட்பது நியாயம். அதே மாதிரி, கடைசித் தவணையை ஒரு கீறலைக் காட்டி மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. ஒருவர் தம் வீட்டுப் பூனை கீறிய கதவைக் காட்டி எங்களிடம் 5 விழுக்காட்டைக் கொடுக்கவே இல்லை. பூனை முடி கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகவே எந்தக் குறை சரியானால் எந்தத் தொகை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது. "இப்படியெல்லாம் யாரும் செய்யமாட்டாங்க" என்று சொல்வார்கள். பேரம் பேசுங்கள், கொஞ்சம் இறங்கி வாருங்கள். சுத்தமாக மறுக்கிறவர் அடுத்த வீட்டு டெபாசிட்டில் ஓடுகிறவர் என்று நான் சந்தேகப்படுவேன்.

முகூர்த்தத் தேதியைக் குத்தகையாளரிடம் சொல்லாதீர்கள். இதை மற்ற இனத்தவருக்கு விளக்க வேண்டியிருக்கும், உங்கள் வாசகர்களுக்குத் தேவையில்லை. ஆடிக்கு முன் சாவி வாங்கி, ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்து, ஊரிலிருந்து மாமனார் மாமியாருக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டு, அதைச் சந்தோஷமாகக் குத்தகையாளரிடமும் சொல்லிவிடுகிறோம். அந்த நிமிஷமே பேரம் பேசும் பலம் போய்விட்டது. தேதி நெருங்க நெருங்க, "அக்கா, பணம் இன்னைக்கு வந்தா அடுப்படி அந்தத் தேதிக்கு ரெடி" என்று செய்தி வரும். யாரும் மறுக்கமாட்டார்கள். தெங்கா வீட்டில் 45 விழுக்காடு அவ்வளவு சீக்கிரம் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பால் காய்ச்ச ஓர் அடுப்பு போதும், லேமினேட் வேண்டியதில்லை.

அடுத்தது விஓ. கோட்டேஷனில் இல்லாத கூடுதல் வேலைக்குப் போடும் வேரியேஷன் ஆர்டர். ஆரம்ப விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு லாபத்தை இதில் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ப்ளக் பாயிண்ட் எத்தனை, அலமாரிக்கு உள்பக்கம் லேமினேட் உண்டா, இடித்த கல்லையும் மண்ணையும் அப்புறப்படுத்தும் செலவு சேர்ந்ததா என்பதெல்லாம் கோட்டேஷனில் இருக்க வேண்டும். வேலைக்கு நடுவில் வாட்ஸ்அப்பில் "சிங்க் குழாய் மாத்தணும், எக்ஸ்ட்ரா 380" என்று வந்தால், கட்டைவிரல் படம் போட்டுப் பதில் அனுப்பாதீர்கள். என்ன வேலை, என்ன விலை என்று எழுதிக் கையெழுத்தான தாள் வந்த பிறகுதான் வேலை. நான் இருந்த இடத்தில் வாடிக்கையாளர் அனுப்பிய கட்டைவிரலை அச்செடுத்து ஃபைலில் வைப்போம்.

பணத்தைக் கம்பெனியின் பதிவு எண்ணான யூஇஎன்னுக்கு மட்டும் பேநவ் (வங்கிவழி உடனடிப் பணப் பரிமாற்றம்) செய்யுங்கள். "கம்பெனி அக்கவுண்ட்ல ஏதோ பிரச்சினை, என் நம்பருக்கே போட்டுடுங்க" என்று டிசைனர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அனுப்பும் முன் திரையில் வரும் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள கம்பெனிப் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வினாடி போதும். கம்பெனி உயிரோடு இருக்கிறதா, எப்போது பதிவானது என்பதை கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் பார்க்கலாம். சில வெள்ளி கொடுத்தால் இயக்குநர் யார் என்ற விவரமும் கிடைக்கும். ஜிஎஸ்டி 9 விழுக்காடு சேர்த்திருந்தால் பதிவு செய்த கம்பெனிதானா என்று உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையப்பக்கத்தில் தேடலாம். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கக்கூடாது.

ஆளை எடைபோட எனக்குத் தெரிந்த சின்னச் சோதனை ஒன்று உண்டு. புது வீவக வீட்டில் குளியலறைத் தரை ஓடுகளையும் சுவர் ஓடுகளையும் முதல் 3 வருஷத்துக்கு இடித்து மாற்றக்கூடாது. அடியில் உள்ள தண்ணீர்த் தடுப்புப் பூச்சு கெட்டுவிடும். தெரியாத மாதிரி, "பாத்ரூம் டைல்ஸை மாத்த முடியுமா?" என்று கேளுங்கள். "முடியாது, விதி இருக்கு" என்கிறவரிடம் மேலே பேசலாம். "அதெல்லாம் யாரும் பாக்கமாட்டாங்க" என்கிறவர் உங்கள் பணத்தையும் யாரும் பார்க்கமாட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

முன்பணத்துக்குப் பாதுகாப்பே இல்லை என்று சொல்ல முடியாது. பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அமைப்பும் ரினோவேஷன் குத்தகையாளர் சங்கமும் சேர்ந்து நடத்தும் அங்கீகாரத் திட்டம் இருக்கிறது. அதில் சேரும் கம்பெனி வாடிக்கையாளர் முன்பணத்துக்கு உத்தரவாதப் பத்திரம் எடுக்க வேண்டும்; கம்பெனி மூடப்பட்டால் அந்தப் பத்திரத்திலிருந்து ஈடு கிடைக்கும். முன்பணத்துக்குத்தான், வேலைத் தரத்துக்கு இல்லை. ஆனாலும் பெரிய விஷயம். அங்கீகாரம் பெற்றவர்களின் பெயரைப் பயனீட்டாளர் சங்கத்தின் இணையப்பக்கத்தில் பார்க்கலாம். விளம்பரத்தில் ஒட்டியிருக்கும் சின்னத்தை நம்பாமல் அங்கே போய்ப் பெயரைத் தேடுங்கள். சிக்கல் என்னவென்றால், சேர்வதும் சேராததும் கம்பெனியின் விருப்பம். வீவக வீட்டில் சுவர் இடிக்கப் பட்டியலில் இருப்பது கட்டாயம். அந்த வீட்டுக்காரரின் பணத்தை வாங்க எந்தப் பத்திரமும் கட்டாயமில்லை.

அதனால்தான் உங்கள் பத்திரிகை மூலம் வீவகவுக்கு இந்தக் கோரிக்கையை வைக்கிறேன். குத்தகையாளர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், முன்பணத்துக்கு உத்தரவாதப் பத்திரம் உண்டா இல்லையா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாளைக்கே எல்லாரையும் கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை. 'இல்லை' என்று போட்டிருந்தால் மக்கள் கேள்வி கேட்பார்கள், கேள்வி வந்தால் கம்பெனிகள் பத்திரம் எடுக்கும். ரினோவேஷன் அனுமதிக்கு விண்ணப்பிக்கிறவர் குத்தகையாளர். வீட்டுக்காரரும் அதற்கு ஒப்புதல் தருகிறார். அந்த விண்ணப்பத்திலேயே தவணை விவரத்தைக் கேட்டு, வேலைக்கு முன்னால் பாதிக்கு மேல் பணம் போகிறது என்றால் வீட்டுக்காரருக்கு நான்கு மொழிகளிலும் ஓர் எச்சரிக்கை காட்டலாம்.

பத்திரத்துக்குப் பிரீமியம் கட்ட வேண்டும், அதை வாடிக்கையாளர் தலையில்தான் வைப்பார்கள் என்று எங்கள் பழைய முதலாளி உடனே சொல்வார். வைக்கட்டும். 42,000 வெள்ளிக் கோட்டேஷனில் அது தனி வரியாக இருந்தால் என் தங்கை மகள் யோசிக்காமல் கட்டியிருப்பாள். இப்போது வேறொரு தச்சருக்கு ஒவ்வோர் அலமாரியும் வந்து ஏற ஏறப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவர் முகம் சுளிக்கவில்லை. மேல் அலமாரி முடிந்துவிட்டது, கீழ் வரிசை அடுத்த மாதம் வருகிறது.

இப்படிக்கு,
பணி ஓய்வுபெற்ற கணக்கர்,
உட்லண்ட்ஸ்